பழைய வீடியோ கேம் பெட்டியின் பட்டன் தகட்டில் உள்ள படத்தை அப்படியே திரும்ப அச்சடிக்க வழி இருக்கிறதா?

டிப்போச்சந்தியான்:

எல்லாருக்கும் வணக்கம். விசயம் கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

2002இல் போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திறந்த பிறகு, கொழும்பில் கடையை மூடிக்கொண்டிருந்த ஒருவரிடம் எங்கள் சித்தப்பா ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கினார். நின்றுகொண்டு விளையாடுகிற பெரிய மரப்பெட்டி, உள்ளே ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2. அதை லொறியில் சீமெந்து மூட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்துக் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்து, தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்தில் கிடுகால் ஒரு பத்தி இறக்கி, ஜெனரேட்டரில் ஓட விட்டார். ஒரு ஆட்டம் ஐந்து ரூபா. பள்ளிக்கூடம் விட்டால் பொடியன்கள் எல்லாம் அங்கேதான்.

2008 கடைசியில் சண்டை நெருங்க எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளிக்கிட்டோம். 2010இல் திரும்பி வந்து பார்த்தபோது கூரை இல்லை, பெட்டியைக் கறையான் தின்றிருந்தது, ரீவியும் போர்டும் போன இடம் தெரியாது. ஜோய்ஸ்டிக்கும் பட்டன்களும் பூட்டிய இரும்புத் தகடு மட்டும் மண்ணுக்குள் பாதி புதைந்து கிடந்தது, மேலே ஒட்டிய படத்தோடு. சித்தப்பா அதைக் கழுவித் துடைத்து அறைக்குள் வைத்தார். இப்போது அவர் இல்லை. எங்கள் வாசிகசாலைக்காகத் தச்சர் ஒருவரைப் பிடித்து அதே அளவில் புதுப் பெட்டி செய்துவிட்டேன், உள்ளே ஒரு கொம்பியூட்டர் வைத்து ஓட்டலாம். படம்தான் பிரச்சினை.

தகடு 68 சென்ரிமீட்டர் அகலம், 27 உயரம். இரண்டு பேர் விளையாடலாம், ஆளுக்கு ஆறு பட்டன். விளையாட்டில் வருகிற ஆட்களில் இடப்பக்கம் ரியூ, வலப்பக்கம் சுன்-லீ, நடுவில் நீல நெருப்புப் பந்து. விளையாட்டைச் செய்த கேப்கொம் கம்பனியின் படம் இல்லை, யாரோ கொழும்பில் கையால் வரைந்து அச்சடித்தது, சுன்-லீயின் முகம் எங்கள் ஊர்ப் பிள்ளை மாதிரி இருக்கும். ஆகவே இணையத்தில் தேடிப் பயனில்லை, உலகத்தில் இது ஒன்றுதான் மிச்சம் என்று நினைக்கிறேன். கீழே சித்தப்பா வெள்ளை எனாமல் பெயின்றால் தமிழில் ‘மெதுவாக அடிக்கவும்’ என்று எழுதியிருக்கிறார். ‘வும்’ மட்டும் இடம் போதாமல் சின்னதாக மேலே ஏறியிருக்கும்.

வலப்பக்கம் வெயிலில் வெளிறிவிட்டது. இடப்பக்க மேல் மூலையில் உள்ளங்கை அளவு கிழிந்து போயிருக்கிறது, ரியூவின் நெற்றியும் ஒரு தோளும் இல்லை.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். போனில் படம் எடுத்து ஒரு கடையில் கொடுத்தேன். பிளெக்ஸில் அடித்துத் தந்தார்கள். கலர் எல்லாம் சேறு. பேப்பருக்குள் அடங்கவேண்டும் என்று கேட்காமலே சுருக்கியும் விட்டார்கள், தகட்டில் வைத்தால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதற்குள் 9 மில்லிமீட்டர் விலகிவிட்டது, கடைசிப் பட்டனின் ஓட்டை, படத்தில் அச்சடித்த பட்டன் பெயருக்கு மேலேயே வருகிறது. 4,200 ரூபா போய்விட்டது.

என்னிடம் இருப்பது ஏ4 ஸ்கேனர் ஒன்றுதான். எப்படி ஸ்கேன் செய்வது, எதில் அச்சடிப்பது, கிழிந்த இடத்துக்கு என்ன செய்வது?


ஓமந்தைப் பெடியன்:

தம்பி, நான் வவுனியாவில் பிரின்ட் கடையில் வேலை செய்கிறேன். முதலில் ஒன்று: அந்தத் தகட்டைத் தொட முன், இப்போது இருக்கிறபடியே படம் எடுத்து வையுங்கள். மேலே இருந்து நேராக, நிழலில், ஒரு அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து. கழற்றும்போது கிழிந்தால் பிறகு அழுது பயனில்லை.

ஒரு விளிம்பைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். படம் பிளாஸ்டிக்கின் மேலே இருக்கிறதா, அடியிலா? நல்ல பெட்டிகளில் தெளிவான பொலிகாபனேட் சீட்டின் பின்பக்கத்தில் தலைகீழாக அச்சடித்துப் பிறகு ஒட்டுவார்கள். கை தேய்வது பிளாஸ்டிக்கில், மையில் இல்லை. அதனால்தான் உங்கள் படம் மண்ணுக்குள் கிடந்தும் பிழைத்திருக்கிறது.

கழற்ற ஹேர் ட்ரையர் போதும். சூட்டைத் தகட்டின் பின்பக்கம் காட்டுங்கள், படத்தின் மேலே வேண்டாம். பசை இளகியதும் நைலோன் தூண்டில் நூலை இடையில் விட்டு வாள் அறுப்பது போல மெதுவாக இழுத்துக்கொண்டு போங்கள். அரை மணித்தியாலம் எடுத்தாலும் பரவாயில்லை. பின்பக்கம் அச்சடித்த சீட் என்றால் பசையோடு மையும் தகட்டிலேயே தங்கப் பார்க்கும், ஒரு இடத்தில் மை உரிகிறது என்று கண்டால் அதோடு நிறுத்துங்கள். தகட்டில் ஒட்டியிருக்கிற பசைக்கு மண்ணெண்ணெய் நல்லது. ஆனால் சீட்டில் ஒரு துளிகூடப் படக்கூடாது.

ஸ்கேனருக்கு வருவோம். யூஎஸ்பி வயரிலேயே ஓடுகிற மெல்லிய ஸ்கேனர்கள் கண்ணாடியோடு ஒட்டி இருப்பதை மட்டும்தான் கூர்மையாகப் பிடிக்கும், ஒரு மில்லிமீட்டர் தூக்கினாலே மங்கிவிடும். ஆகவே மூடியைக் கழற்றிவிட்டு சீட்டின் மேல் தடித்த அகராதி ஒன்றை வைத்து அமுக்குங்கள். 27 சென்ரிமீட்டர் நீளப்பாட்டுக்கு அடங்கும். அகலத்துக்கு ஒவ்வொரு தரமும் 12 சென்ரிமீட்டர் நகர்த்தி ஐந்து முறை எடுத்தால் 68 முடிந்துவிடும், ஒவ்வொன்றிலும் 9 சென்ரிமீட்டர் அளவு பக்கத்துத் துண்டோடு பொதுவாக இருக்கும், இணைக்க அது தாராளம். சீட்டை எந்தத் துண்டுக்கும் திருப்பிப் போடாதீர்கள், லைட் விழும் பக்கம் மாறினால் கீறல்களின் நிழலும் மாறும். 600 டிபிஐ. தானாகக் கலர் திருத்துவது, கூர்மையாக்குவது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டிஃப் அல்லது பிஎன்ஜியில் சேமியுங்கள், ஜேபெக் வேண்டாம்.

இணைப்பதற்கு ஹ்யூகின் என்ற மென்பொருள் இலவசம், தட்டையான ஸ்கேன்களையும் சேர்க்கும். நான் ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் கையால்தான் செய்வேன். மேல் லெயரை ‘டிஃபரன்ஸ்’ என்ற முறையில் வைத்து நகர்த்தினால், இரண்டும் சரியாகப் பொருந்தும் இடம் முழுக் கறுப்பாகும். பொருந்தாத இடத்தில் வெள்ளை மயிர் மாதிரிக் கோடு தெரியும். அது மறையும்வரை அம்புக்குறி விசையால் ஒவ்வொரு புள்ளியாகத் தள்ளவேண்டும்.

அளவு முக்கியம். உங்கள் ஃபைலின் மூலையில் சரியாக 100 மில்லிமீட்டர் சதுரம் ஒன்று வரைந்து விடுங்கள். எந்தக் கடையில் அச்சடித்தாலும் காசு கொடுக்க முன் அந்தச் சதுரத்தை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். 100 இருந்தால் எல்லாம் சரி. 98 இருந்தால் கடைக்காரரிடம் அந்த இடத்திலேயே காட்டலாம், வாய்ச்சண்டைக்கு வேலை இருக்காது. 4,200 ரூபா மிஞ்சியிருக்கும்.


பனிக்கன்குளம்:

இவ்வளவு மினக்கெட வேண்டுமா? ஸ்ட்ரீட் ஃபைட்டர் படம் இணையத்தில் ஆயிரம் கிடக்கிறது, ஒன்றை எடுத்து ஒட்டினால் பொடியன்கள் விளையாடத்தானே போகிறார்கள். கிழிந்த இடத்தையும் ஏஐயிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் நிரப்பித் தரும். எங்கள் கடை போர்ட் அப்படித்தான் செய்தோம், நன்றாக வந்தது.


டிப்போச்சந்தியான்:

அண்ணை, கடை போர்டுக்கு அது சரி. இது வேறு. எங்கள் வீட்டில் 2008க்கு முந்திய போட்டோ ஒன்றும் இல்லை. சித்தப்பாவின் கையெழுத்து இருக்கிற ஒரே பொருள் இந்தத் தகடுதான். ஏஐ ஒரு நெற்றியை வரைந்து தரும்தான், ஆனால் அது எங்கள் கடையில் இருந்த ரியூ இல்லையே.

ஓமந்தை அண்ணை, மிக்க நன்றி. அச்சு பின்பக்கம்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். சித்தப்பாவின் எழுத்து மட்டும் மேலே.


வற்றாப்பளை:

முப்பது வருசம் ஸ்கிரீன் பிரின்டிங் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கோயில் திருவிழா நோட்டீஸ், பனர், ரீசேட், எல்லாம் சட்டத்தில் துணி இழுத்து அடித்த காலம்.

தம்பி, ஸ்கேன் எடுத்ததை நேராக அச்சடிக்காதீர்கள். அதில் கீறல், ஊத்தை, வெளிறல், சிகரெட் சுட்ட இடம் எல்லாம் சேர்ந்து அச்சாகும். ஸ்கேனைக் கீழே வைத்து மேலே புதிதாக வரையவேண்டும். இங்க்ஸ்கேப் என்ற வரைகிற மென்பொருள் இருக்கிறதே, இலவசம்தான். தானாகக் கோடு எடுக்கிற வசதி அதில் இருந்தாலும் கீறலையும் அது கோடு என்றே எடுக்கும், பேனாக் கருவியால் கையாலேயே வரையுங்கள். வளைவுக்குப் புள்ளி எவ்வளவு குறைவோ அவ்வளவு வடிவு.

வரைய முன் எத்தனை மை என்று எண்ணுங்கள். ஸ்கேனில் பல்லாயிரம் நிறம் தெரியும், ஆனால் அச்சடித்தவன் ஐந்தாறு மைதான் வைத்திருந்திருப்பான். கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம், தோல் நிறம், பின்னால் வெள்ளை. ஒவ்வொரு மைக்கும் ஒரு லெயர். அதோடு பூதக்கண்ணாடி வைத்துக் கறுப்புக் கோட்டின் ஓரத்தைப் பாருங்கள். நிறங்கள் கோட்டுக்கு அடியில் கொஞ்சம் புகுந்திருக்கும். சட்டம் அரை மில்லிமீட்டர் விலகினாலும் வெள்ளை தெரியக்கூடாது என்று நாங்கள் வேண்டுமென்றே அப்படி வெட்டுவோம். நீங்களும் நிறத்தைக் கோட்டின் நடுவரை இழுத்து விடுங்கள். எழுத்துக்கு ஃபொன்ட் தேடி அலைய வேண்டாம், அந்த எழுத்தையே வரைந்துவிடுங்கள்.

இனி நிறம். வெளிறிய சிவப்பைப் பார்த்துச் சிவப்பை எடுக்காதீர்கள். பட்டன்களைக் கழற்றினால் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் பட்டனின் விளிம்பு மூடியிருந்த இடத்தில் மோதிரம் மாதிரி ஒரு வளையம் தெரியும். இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனால் வெயில் படாத இடம் அது, அடித்த அன்று இருந்த நிறம் அங்கேதான் இருக்கிறது.

அந்த நிறத்தையும் திரையில் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். கடைக்காரரிடம் சொல்லி, அவர்களுடைய மெசினில், அவர்கள் அடிக்கப்போகிற அதே ஸ்டிக்கரில், சிவப்பு ஒரு இருபது, நீலம் ஒரு இருபது என்று கட்டம் கட்டமாக ஒரு துண்டு அடித்து வாங்குங்கள். பகல் வெளிச்சத்தில் வளையத்துக்குப் பக்கத்தில் வைத்து எது ஒத்து வருகிறதோ அதன் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பளிச்சென்ற செம்மஞ்சளும் ஆழ்ந்த நீலமும் நாலு மையைக் கலந்து அடிக்கிற சிஎம்வைகே மெசினில் முழுதாக வராது, கிட்ட வந்தால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளவேண்டும்.

ஓட்டைகளைப் படத்திலிருந்து அளக்காதீர்கள், தகட்டிலிருந்து எடுங்கள். சின்ன வயதில் காசின் மேல் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதேபோல வெறுந்தகட்டின் மேல் பேப்பரை இறுக்கி ஒட்டித் தேய்த்தால் ஓட்டையின் விளிம்பு எல்லாம் இருந்த இடத்திலேயே விழும். அந்தப் பேப்பரையும் ஸ்கேன் செய்து வரைபடத்தின் மேல் வையுங்கள். பழைய சீட் வெயிலில் சுருங்கியிருக்கலாம், இரும்பு சுருங்காது. யப்பான் பட்டன் என்றால் ஓட்டை 30 மில்லிமீட்டர், அமெரிக்கப் பட்டன் என்றால் ஒன்றேயரைக்கால் அங்குலம், அதாவது 28.6. பட்டன் வாங்க முன் அதையும் பாருங்கள்.

கிழிந்த இடத்துக்கு: பட்டன் பெயர், வட்டம், கோடு எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதானே, ஒன்றில் போனதை மற்றதிலிருந்து எடுக்கலாம். ரியூவின் நெற்றி அப்படி இல்லை. அதை நீங்களும் வரையவேண்டாம், ஏஐயும் வரையவேண்டாம். யாரிடமாவது போட்டோ இருக்கும், வெளிநாட்டுக்குப் போன சொந்தக்காரரிடம் கேளுங்கள்.


ஓமந்தைப் பெடியன்:

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. போட்டோ சாய்வாக எடுத்திருந்தாலும் பிரச்சினையில்லை. தகட்டின் நாலு மூலையிலும் ஸ்குரூ இருக்கும்தானே, அவற்றுக்கிடையில் உள்ள தூரம் உங்களுக்கு இப்போதும் தெரியும். ஜிம்பில் பெர்ஸ்பெக்டிவ் கருவியால் போட்டோவில் உள்ள நாலு ஸ்குரூவையும் வரைபடத்தில் உள்ள நாலு ஸ்குரூவின் மேல் இழுத்து வைத்தால் படம் நேராகிவிடும். தகட்டின் மேல்பக்கம் தட்டை என்பதால் இது வேலை செய்யும், வளைந்த முன்விளிம்புக்கு ஆகாது.

எதில் அடிப்பது என்று கேட்டீர்கள். பிளெக்ஸ் பனருக்கு உரியது, நெசவு தெரியும், கையில் நிற்காது. கார், வான்களுக்கு ஒட்டுகிற வைனில் ஸ்டிக்கரில் அடித்து மேலே தடித்த லெமினேட் போடச் சொல்லுங்கள், மினுக்கம் இல்லாதது, தரையில் ஒட்டுகிற விளம்பரங்களுக்குப் போடுவார்களே, அந்த மாதிரி. சொரசொரப்பு இருப்பதால் வியர்த்த கையும் வழுக்காது. மேலே பேர்ஸ்பெக்ஸ் தகடு போடலாமா என்று சிலர் கேட்பார்கள். உங்கள் தகடு முன்னால் மடிந்து இறங்குகிறது, பேர்ஸ்பெக்ஸ் சூடாக்காமல் மடியாது, முறியும்.


டிப்போச்சந்தியான்:

ஏழு கிழமை கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள்.

சுவிஸில் இருக்கிற மச்சானிடம் போட்டோ இருந்தது! 2004இல் எடுத்தது, அவனுக்குப் பன்னிரண்டு வயது, பல்லைக் கடித்துக்கொண்டு அடிக்கிறான், பின்னால் சித்தப்பா பாதி முகத்தோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். அம்மா அந்தப் போட்டோவைப் போனில் பார்த்துவிட்டு ஒரு மணித்தியாலம் யாரோடும் கதைக்கவில்லை.

நாலு ஸ்குரூவையும் பொருத்தி நேராக்கினேன். ரியூவின் நெற்றிப்பட்டி மஞ்சள்! இணையத்தில் எங்கே தேடினாலும் சிவப்பு அல்லது வெள்ளைதான் வரும், ஏஐயும் சிவப்பாகத்தான் போட்டிருக்கும், நானும் சிவப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வரைந்தவர் சுன்-லீயின் உடுப்புக்கு வைத்த அதே மஞ்சள் மையையே இங்கும் பாவித்திருக்கிறார். தோளின் பாதி மச்சானின் முழங்கைக்கு அடியில் மறைந்துவிட்டது. அந்த இடத்தை வரையாமல் பின்னணி நீலமாகவே விட்டிருக்கிறேன், ஒரு சின்ன அப்பம் அளவு.

மோதிர வளையம் பற்றி ஐயா சொன்னதை நம்பாமல்தான் பட்டனைக் கழற்றினேன். ஒரு பட்டனைச் சுற்றி மட்டும் மிளகாய்ப் பழம் மாதிரிச் சிவப்பு, அதற்கு அங்கால் எல்லாம் செங்கல் தூள். இவ்வளவு காலமும் அதைச் செங்கல் நிறப் படம் என்றே நினைத்திருந்தோம்.

வரைய பதினொரு இரவு போனது. ஆறு லெயர் மைக்கு, ஒன்று போட்டோவிலிருந்து எடுத்ததற்கு, ஒன்று சித்தப்பாவின் எழுத்துக்கு. கடைசி இரண்டையும் தனியாக வைத்தது, பிறகு பார்க்கிறவருக்கு எது தகட்டில் இருந்தது, எது போட்டோவில் இருந்தது, எது பிறகு எழுதியது என்று தெரியவேண்டும் என்பதற்காக. ஒன்று கேட்கவேண்டும்: அச்சடிக்கும்போது அந்த ‘மெதுவாக அடிக்கவும்’ சேர்க்கவா, விடவா? முதலில் அடித்த படத்தில் அது இல்லைதானே.


வற்றாப்பளை:

அச்சில் சேர்க்காதீர்கள் தம்பி. ஸ்டிக்கர் ஒட்டி முடிந்த பிறகு, அந்த லெயரை மட்டும் பேப்பரில் எடுத்து ஓட்டைத்தாளாக வெட்டி, மேலே வெள்ளை எனாமலால் நீங்களே எழுதுங்கள். அவர் பெயின்றால் எழுதினார், அது பெயின்றாகவே இருக்கட்டும். லெமினேட்டில் எனாமல் பிடிக்க, எழுதுகிற இடத்தை மட்டும் நைசான அரத்தாளால் இலேசாகத் தேய்த்துவிடுங்கள்.


பனிக்கன்குளம்:

மஞ்சள் நெற்றிப்பட்டி விசயம் எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் முதலில் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். வாசிகசாலை திறக்கிறபோது சொல்லுங்கள், மகனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.


டிப்போச்சந்தியான்:

கட்டாயம் வாருங்கள் அண்ணை. வவுனியாவில் அடித்தாயிற்று, சதுரம் சரியாக 100. சோளகக் காற்று இழுத்து அடிக்கிறது, தூசி வந்து ஒட்டிவிடும் என்று விடிய நாலரைக்கு எழும்பி, அறையைக் கழுவி, கதவைச் சாத்திவிட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டினோம். ஒரே ஒரு குமிழி, அதுவும் ஜோய்ஸ்டிக்கின் மூடிக்கு அடியில் போய்விடும். ஓட்டைகளை முதலே வெட்டாமல், ஒட்டிய பிறகு அடியிலிருந்து பிளேட்டால் வெட்டினேன், எல்லாம் நேர். பழைய சீட்டைச் சுருட்டாமல் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்துச் சுவரில் மாட்டப் போகிறேன், வெயில் விழாத பக்கம். ஃபைலை இங்கே போட்டிருக்கிறேன், விற்கவேண்டாம், ஆட்கள் கேப்கொம்முடையவர்கள். 2002க்கும் 2008க்கும் இடையில் இந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று எடுத்த போட்டோ யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து தேடிப் பாருங்கள். இடது தோள்தான் இன்னும் வேண்டும்.


ஓமந்தைப் பெடியன்:

நல்ல வேலை தம்பி. பட்டனை இன்றைக்கே பூட்டாதீர்கள், அடியில் தண்ணீர் இருக்கும். ஒரு நாள் விட்டு, விளிம்புகளை ஹேர் ட்ரையரால் ஒருமுறை சூடாக்கித் துணியால் அமுக்கிவிட்டு பிறகு பூட்டுங்கள். எங்கள் மாமாவும் மாங்குளத்தில் இருந்து கிளிநொச்சிக்குச் சாமான் ஏற்றினவர், கடையில் நின்று தேத்தண்ணி குடித்தவர். அவருடைய அல்பத்தை ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்க்கிறேன்.